கரை ஒதுங்கியவர்களின் ஆங்கிலம்

1854ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெர்ரியின் கப்பல்கள் இரண்டாம் முறையாக எடோ விரிகுடாவில் வந்து நின்றன. ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்காக ஜப்பானியத் தரப்பிலிருந்து மொரியாமா எய்னோசுகே என்ற மொழிபெயர்ப்பாளர் கப்பலேறினார். ஜப்பானிய அரசு மேலைநாட்டாருடன் அதுவரை டச்சு மொழியில்தான் பேசிவந்தது. மொரியாமா ஆங்கிலத்தில் பேசினார். இவர் இருக்கும்போது வேறொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை என்று அமெரிக்கர்கள் எழுதிவைக்கும் அளவுக்குத் தெளிவாகப் பேசினார். அன்று அவர் விசாரித்தவற்றில் ஒன்று அந்தப் பயண அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது: மக்டொனால்ட் சுகமாக இருக்கிறாரா, அவரை உங்களுக்குத் தெரியுமா?

ரானல்ட் மக்டொனால்ட் தூதரும் அல்ல, பேராசிரியரும் அல்ல. 1824இல் இன்றைய அமெரிக்காவின் ஓரிகன் கரையில், ஸ்காட்லாந்துக்காரரான வணிகக் கம்பெனி அலுவலருக்கும் சினூக் பழங்குடித் தலைவரின் மகளுக்கும் பிறந்தவர். வங்கி வேலை பிடிக்காமல் கடலுக்குப் போனார். 1848இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து சிறு படகில் தனியாக இறங்கி, வடக்கே ரிஷிரி தீவுக்கு அருகில், விபத்தில் சிக்கியவரைப் போலத் தோன்றுவதற்காகப் படகைத் தானே கவிழ்த்துக்கொண்டு கரையேறினார். அந்நியர் நுழையத் தடையிருந்த காலம் அது. பிடித்து, நாகசாகிக்குக் கொண்டுபோய், ஒரு கோயில் வளாகத்தில் மரச்சட்டம் அடித்த சிறிய அறையில் அடைத்துவைத்தார்கள். அரை ஆண்டுக்கும் மேல் அங்கே கிடந்தார். அந்த நாட்களில் 14 அரசு மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் வந்து ஆங்கிலம் கற்றார்கள். அவர்களில் முதல் மாணாக்கர் என்று மக்டொனால்ட் பின்னாளில் புகழ்ந்தது மொரியாமாவைத்தான்.

ஜப்பானில் ஆங்கிலப் படிப்பு மக்டொனால்டிடம் தொடங்கவில்லை. 1808இல் ‘ஃபேட்டன்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியைப் பறக்கவிட்டு நாகசாகி துறைமுகத்துக்குள் புகுந்தது. டச்சுக்காரர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரும் உணவும் கேட்டு மிரட்டி வாங்கிச் சென்றது. தடுக்க முடியாத அவமானத்தில் நாகசாகி ஆளுநர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாண்டார். அடுத்த ஆண்டே, பரம்பரையாக டச்சு மொழிபெயர்ப்புத் தொழில் செய்துவந்த குடும்பங்களுக்கு ஆங்கிலம் கற்கும்படி ஆணை பிறந்தது. டச்சு வணிகநிலையத்திலிருந்த ஓர் அலுவலர் பாடம் சொன்னார். 1814இல் ஏறத்தாழ 6,000 சொற்கள் கொண்ட ஆங்கில–ஜப்பானிய அகராதியே தயாராகிவிட்டது. அச்சத்தில் பிறந்த படிப்பு அது. சுறுசுறுப்பாக நடந்து, அச்சம் தணிந்ததும் தளர்ந்துபோனது. சொற்களின் ஒலி முழுக்க டச்சு நாக்கின் வழியே வந்திருந்தது. ஆங்கிலத்தில் வாழும் ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசிய அனுபவம் அந்த அகராதிக்குப் பின்னால் மிகக் குறைவு.

மக்டொனால்டின் வகுப்பு எளிமையானது. மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆங்கிலத்தை வாய்விட்டுப் படிப்பார்கள். அவர் உச்சரிப்பைத் திருத்துவார். தமக்குத் தெரிந்த கொஞ்சம் ஜப்பானிய மொழியில் பொருளை விளக்கப் பார்ப்பார். ‘ல’கரத்தை அவர்களால் சொல்ல முடியாமல் பட்ட பாட்டை அவர் எழுதிவைத்திருக்கிறார். தாமும் ஜப்பானியச் சொற்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பாடம் இருவழிப் பாதையாக இருந்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அந்த வகுப்பில் ஆசிரியர் கைதி. மாணவர்களோ வாளும் பதவியும் உடைய அரசு அலுவலர்கள். வேண்டியதைக் கேட்கவும், புரியாத இடத்தில் நிறுத்தவும், சொன்னதைத் திரும்பச் சொல்லவைக்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது, கடமையும் இருந்தது. அந்நியனிடமிருந்து செய்தி சேகரிப்பது அவர்கள் உத்தியோகத்தின் ஒரு பகுதி. வெளிநாட்டு வாழ்க்கையைக் கதையாகச் சொல்லி ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசும்போது ஆசிரியரின் கதைத்திறனைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு ஜப்பானின் வரலாற்றைப் பார்த்தால், அந்த முறை பலித்த இடங்களிலெல்லாம் கேட்பவர் கை மேலோங்கியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சீமைக்குப் போய்வந்த வாத்தியார் லண்டன் பனியைப் பற்றிச் சொல்ல, வகுப்பே வாய்பிளந்து கேட்ட அனுபவம் நம் ஊரிலும் பலருக்கு உண்டு. வாய்பிளந்து கேட்பது ஒன்று. மடக்கிக் கேட்பது வேறு.

மடக்கிக் கேட்கப்பட்டதற்கு மான்ஜிரோவைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. தோசா நாட்டின் நகனோஹாமா என்ற கடலோரக் குப்பத்தில் 1827இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். 1841 ஜனவரியில், 14 வயதில், நான்கு பேரோடு மீன்பிடிக்கப் போனவர் புயலில் சிக்கி, டோரிஷிமா என்ற ஆளில்லாத எரிமலைத் தீவில் ஒதுங்கினார். மாதக்கணக்கில் கடற்பறவைகளைத் தின்று உயிர்வாழ்ந்த அந்த ஐவரையும் ‘ஜான் ஹவ்லண்ட்’ என்ற அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல் மீட்டது. மற்ற நால்வர் ஹவாயில் இறங்கிக்கொள்ள, கப்பல் தலைவர் வில்லியம் விட்ஃபீல்ட் பையனை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபேர்ஹேவன் என்ற தம் ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் பள்ளிக்குச் சென்றார். கணிதம், நில அளவை, கப்பலோட்டும் கணக்கு எல்லாம் படித்தார். பீப்பாய் செய்யும் தொழிலும் பழகினார். இந்தப் பையனைக் குடும்ப இருக்கையில் உட்காரவைக்க ஒரு தேவாலயம் மறுத்தபோது, விட்ஃபீல்ட் அந்தத் தேவாலயத்தை விட்டு வேறொன்றுக்கு மாறினார். பிறகு மான்ஜிரோ திமிங்கில வேட்டைக்குப் போனார். கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டினார். அதில் கிடைத்த பணத்தில் படகு வாங்கி, 1851இல் பழைய தோழர் இருவரோடு ரியூக்யூ தீவில் வந்து இறங்கினார்.

தாயைப் பார்க்க அவருக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆயிற்று. முதலில் ரியூக்யூவில் விசாரணை. அடுத்து ககோஷிமாவில், மேலைநாட்டுக் கலைகளில் தீராத ஆர்வமுள்ள ஷிமாசு நாரியாகிரா என்ற பிரபுவே முன்னின்று கேட்டார். பிறகு நாகசாகியில் சிறை, திரும்பத் திரும்ப விசாரணை, கிறிஸ்தவர் அல்ல என்று காட்டக் கன்னிமேரி உருவத்தை மிதிக்கும் சடங்கு. கடைசியில் சொந்த நாடான தோசாவின் தலைநகர் கோச்சியில் இன்னொரு சுற்று. ஒரே கதையை வெவ்வேறு அதிகாரிகளிடம், வெவ்வேறு கோணக் கேள்விகளுக்கு விடையாக அவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்டு அரசன் எப்படி வருகிறான்? தகுதி பார்த்து நான்காண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீடுகள் எப்படி? கல்யாணம் எப்படி? கழிப்பறை எப்படி? அங்கே உட்கார்ந்து புத்தகம் படிப்பது வழக்கம் என்று சொன்னதும் பதிவாகியிருக்கிறது. விசாரிப்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை ஊகித்துப் பதில் சொல்லிப் பழகிய இந்த மாதங்கள்தாம் அவரை ஆசிரியராக்கின என்பேன். ஃபேர்ஹேவன் பள்ளி அவருக்குப் பாடத்தைக் கொடுத்தது. அதை எங்கிருந்து சொல்லத் தொடங்க வேண்டும் என்பதை விசாரணை அதிகாரிகள் காட்டிக்கொடுத்தார்கள்.

கோச்சியில் விசாரணைப் பொறுப்பு கவாடா ஷோரியோ என்ற ஓவியரிடம் வந்தது. டச்சு வழி மேலைக் கல்வியைக் கொஞ்சம் அறிந்தவர். மான்ஜிரோவின் ஜப்பானிய மொழி அப்போது துருப்பிடித்திருந்தது. பதினான்கு வயதுச் செம்படவப் பையனின் பேச்சுமொழிக்கு மேல் அது வளரவே இல்லை. எழுத்தறிவும் கிடையாது. கவாடா அவரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். அவர் இவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். இவர் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பகலில் அரசு விசாரணை, மற்ற நேரத்தில் பரஸ்பரப் பாடம். இதிலிருந்து பிறந்ததுதான் 1852இல் முடிந்த ‘ஹியோசொன் கிரியாகு’ என்ற படங்களோடு கூடிய நான்கு தொகுதிக் கையெழுத்து நூல். உலக வரைபடம், ரயில் வண்டி, திமிங்கில வேட்டை, ஆங்கில எழுத்துகள் எல்லாம் அதில் உண்டு.

இந்த நூலை வெறும் பயணக் கதையாகப் படிப்பவர்கள் அதிலுள்ள உழைப்பைத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கவாடா ஓவியர், அவருக்கு ஒரு பொருளை வரைய வேண்டுமென்றால், அதன் சக்கரம் எங்கே, புகைபோக்கி எங்கே, ஆட்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று தெரிந்தாக வேண்டும். வரையத் தெரியாதவர் திருப்தி அடைந்துவிடும் இடத்தில் அவர் இன்னும் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. தாம் ஒருபோதும் காணாத ரயிலை, அதைக் கண்டவரின் சொல்லைக் கொண்டு மட்டும் அவர் வரைந்தார். அந்தப் பக்கங்களைத் தோசா பிரபு பார்த்தார். பிரதிகள் பரவின. மேலைக் கப்பல்களைப் பற்றியும் வணிகத்தைப் பற்றியும் கேட்க இளைஞர்கள் கவாடாவைத் தேடி வந்தார்கள். பின்னாளில் ஷோகுன் ஆட்சியைச் சாய்த்த அரசியலில் பெரும்பங்கு வகித்த சகமொத்தோ ரியோமா அவர்களில் ஒருவர். கவாடா எந்த அயல்நாட்டையும் பார்த்ததில்லை. கேட்டதை மறுபடி சொல்லும் தகுதி அவருக்குக் கேள்விகளால் வந்தது.

மான்ஜிரோவைத் தோசா அரசு தன் கல்விக்கூடத்தில் பாடம் சொல்ல வைத்தது. செம்படவர் மகன் சாமுராய் பிள்ளைகளுக்கு ஆசான். 1853இல் பெர்ரி முதன்முறை வந்ததும் எடோவிலிருந்த ஷோகுன் அரசு அவரை அழைத்தது. ஷோகுனின் நேரடிச் சேவகர் என்ற தகுதியும், பிறந்த ஊரையொட்டி நகஹாமா என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. அமெரிக்காவைப் பற்றி அவரைவிட அறிந்தவர் நாட்டில் இல்லை. ஆனாலும் பேச்சுவார்த்தை மேசைக்கு அருகே அவரை விடவில்லை. தம்மைக் காப்பாற்றி வளர்த்தவர்களுக்கு எதிராக இவன் பேசுவானா என்று மிட்டோ பிரபு தொகுகாவா நாரியாகி சந்தேகப்பட்டார். அந்த இடத்துக்கு மொரியாமா போனார். இருவரின் ஆங்கிலமும் ஒரே மூலத்தைச் சேர்ந்தது, திமிங்கிலக் கப்பல்காரர்களின் ஆங்கிலம். ஒருவர் அதை வாழ்ந்து கற்றார். மற்றவர் சிறையறையின் மரச்சட்டத்துக்கு அப்பாலிருந்து கேட்டுக் கற்றார். அரசு கேட்டுக் கற்றவரை நம்பியது.

1859இல் மான்ஜிரோ ஆங்கில உரையாடலுக்குக் குறுக்கு வழி காட்டும் கையேடு ஒன்றை வெளியிட்டார். வாக்கியங்களின் உச்சரிப்பைத் தம் காதில் விழுந்தபடியே ஜப்பானிய எழுத்தில் கொடுத்திருந்தார். அகராதிக்காரர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள்; ஆனால் அமெரிக்கத் துறைமுகத்தில் அப்படிச் சொன்னால் புரியும். கூடவே, சீன நூல்களைப் படிக்க ஜப்பானியர் பயன்படுத்திய வரிசைக் குறிகளை வாக்கியங்களில் இட்டு, எந்தச் சொல்லை முன்னே கொண்டுவந்தால் தம் மொழியில் பொருள் வரும் என்றும் காட்டியிருந்தார். காதுக்கும் கண்ணுக்கும் ஒரே பக்கத்தில் இடம் கொடுத்த இந்த ஏற்பாடு நீடித்திருக்கலாம். நீடிக்கவில்லை.

அதற்குக் காரணம் மான்ஜிரோவிடமும் இருந்தது. அவர் விட்ஃபீல்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன; இலக்கணம் தள்ளாடும், அன்பு தள்ளாடாது. ஆனால் பௌடிச்சின் கப்பலோட்டும் கணித நூலை மொழிபெயர்க்கும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் கைவந்திருந்தது. தடையாக நின்றது அவருடைய ஜப்பானிய மொழி. அறிஞர் உலகம் எதிர்பார்த்த செம்மையான எழுத்துநடை அவருக்குப் பிடிபடவே இல்லை. சட்டத்தையும் பொருளாதாரத்தையும் படிக்க வந்த மாணவனுக்கு அவரிடம் கிடைத்தது கடல், கப்பல், ஒரு சிறு ஊரின் வாழ்க்கை. ஒரு மனிதனின் வாழ்க்கை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் அவன் கதை சொல்லிக் கற்பிக்கும் மொழியும். கதைவழிக் கல்வியைக் கொண்டாடும் எழுத்துகள் இந்த எல்லையைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

அந்த எல்லையைத் தெளிவாக உணர்ந்தவர் ஃபுகுசாவா யுகிச்சி. ஒசாகாவில் பல ஆண்டுகள் உயிரைக் கொடுத்து டச்சு படித்தவர். 1859இல், புதிதாகத் திறக்கப்பட்ட யோகோஹாமா துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தார். கடைப் பலகையைக்கூடப் படிக்க முடியவில்லை. எல்லாம் ஆங்கிலம். மறுநாளே ஆங்கிலத்துக்குத் தாவ முடிவு செய்து, மொரியாமாவைத் தேடிப் போனார். ஒப்பந்த வேலைகளில் மூழ்கியிருந்த மொரியாமாவுக்கு நேரமில்லை. காலையில் வரச் சொல்வார், மாலையில் வரச் சொல்வார்; எடோவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து நடந்து இரண்டு மூன்று மாதம் கழிந்ததுதான் மிச்சம். பிறகு விலையுயர்ந்த டச்சு–ஆங்கில அகராதி ஒன்றைத் தம் பிரபுவின் செலவில் வாங்கிவைத்துக்கொண்டு தானே படித்தார். ஆனால் அகராதி ஒலி எழுப்பாது. நாகசாகியிலிருந்து வந்த, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒரு சிறுவனிடம் உச்சரிப்புக் கேட்டார். கரை ஒதுங்கி, பல ஆண்டு அந்நியக் கப்பலில் திரிந்து ஊர் திரும்பியவர்கள் யாராவது வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால், அவர்கள் தங்கியிருக்கும் சத்திரத்துக்கே போய் விசாரிப்பார். இதையெல்லாம் அவரே தன் வரலாற்றில் சொல்கிறார். நாட்டின் தலைசிறந்த கல்வியாளராக வரப்போகிறவர், எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியின் எதிரில் உட்கார்ந்து ஒலியைத் திருத்திக்கொண்ட காலம் அது.

1860இல் ‘கன்ரின் மாரு’ என்ற ஜப்பானியக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ சென்றபோது, மான்ஜிரோ மொழிபெயர்ப்பாளர். ஃபுகுசாவா கப்பலின் தலைமைக் கடற்படை அதிகாரியின் பணியாள் என்ற பெயரில் இடம்பிடித்தவர். திரும்பும்போது இருவரும் ஆளுக்கொரு வெப்ஸ்டர் அகராதி வாங்கிவந்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி ஃபுகுசாவா சொல்வதில் ஒன்று என்னை எப்போதும் நிறுத்தும். தந்தியையும் முலாம் பூசும் தொழிலையும் அமெரிக்கர்கள் பெருமையாகக் காட்டினார்கள். அவருக்கு வியப்பில்லை, டச்சு நூல்களில் படித்திருந்தார். அவரைத் திகைக்கவைத்தவை வேறு. விலைமதிப்புள்ள கம்பளத்தின்மீது செருப்புக் காலோடு நடக்கிறார்கள். வாஷிங்டனின் சந்ததியார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், யாரோ ஒரு பெண் இருப்பதாகக் கேள்வி என்று அசட்டையாகப் பதில் வருகிறது. நாட்டை நிறுவியவரின் வம்சம் என்றால் ஷோகுன் வம்சத்தைப் போல மதிப்பார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். அறிவியலைப் புத்தகம் தந்துவிட்டது. அந்தப் பதிலிலிருந்த அசட்டையை எந்தப் புத்தகமும் தந்திருக்காது.

1862இல் தூதுக்குழுவோடு ஐரோப்பா போனபோது ஃபுகுசாவா இந்தப் பாடத்தை வேலைத்திட்டமாகவே மாற்றிக்கொண்டார். பாரிஸில் ஒரு குறிப்பேடு வாங்கினார். புத்தகத்தில் கிடைப்பதை ஊரில் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர்களுக்கு அற்பமாகத் தோன்றுவதால் எந்த நூலிலும் எழுதப்படாதவற்றை மட்டும் கேட்டார். மருத்துவமனைக்குப் பணம் யார் கொடுக்கிறார்? வங்கியில் போட்ட காசு எப்படித் திரும்ப வருகிறது? தபால் எப்படி ஓடுகிறது? தேர்தலைப் பற்றிக் கேட்டபோது பதில் சொன்னவர்கள் சிரித்தார்கள். பகல் முழுவதும் ஒருவரையொருவர் சாடும் இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது அவருக்கு நெடுநாள் விளங்கவில்லை. இந்தக் குறிப்புகளை அடித்தளமாகக் கொண்டு 1866 முதல் வெளிவந்த ‘செய்யோ ஜிஜோ’, மேலைநாடுகளின் நிலைமையைச் சொல்லும் நூல், முதல் பகுதி மட்டும் ஒன்றரை லட்சம் பிரதிகள் போனதாக அவரே கணக்குச் சொல்கிறார். திருட்டுப் பதிப்புகள் தனி.

ஹமாதா ஹிகோசோவையும் இங்கே விட்டுவிட முடியாது. 1850இல் புயலில் சிக்கி அமெரிக்கக் கப்பலால் மீட்கப்பட்ட சிறுவர், ஜோசஃப் ஹீகோ என்ற பெயரில் 1858இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார், லிங்கனைச் சந்தித்தார். யோகோஹாமா திரும்பி 1864இல் ஜப்பானிய மொழியின் முதல் செய்தித்தாள்களில் ஒன்றைத் தொடங்கினார். அதை நடத்திய விதம் விசித்திரமானது. தபால் கப்பலில் வந்த ஆங்கிலப் பத்திரிகைகளை அவர் வாசித்து, செய்தியைத் தமக்குத் தெரிந்த பேச்சு ஜப்பானிய மொழியில் சொல்வார். கிஷிதா கின்கோ முதலிய நண்பர்கள் அதை நல்ல நடையில் எழுதுவார்கள். மான்ஜிரோவுக்கும் கவாடாவுக்கும் இடையே நடந்தது மறுபடியும் நடந்தது. சந்தா கட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுதிக்கொடுத்த கிஷிதா பின்னாளில் பெயர்பெற்ற பத்திரிகையாளரானார்.

1868இல் ஆட்சி மாறியது. ஃபுகுசாவா தம் பள்ளிக்குக் கெய்யோ கிஜுகு என்று பெயரிட்டார். அந்த ஆண்டு ஜூலை மாதம் உவேனோ குன்றில் பீரங்கிச் சண்டை நடந்துகொண்டிருக்க, அவர் மாணவர்களுக்கு ஃப்ரான்சிஸ் வேலண்டின் பொருளாதார நூலை நடத்திக்கொண்டிருந்தார். புகழ்பெற்ற காட்சி; ஓவியமாகவும் தீட்டப்பட்டது. எனக்கு அதில் தெரிவது வேறொரு மாற்றம். வகுப்பின் நடுவில் இப்போது இருப்பது ஆள் அல்ல, புத்தகம். ஆங்கிலக் கல்வி இரண்டு தடங்களாகப் பிரிந்தது. வெளிநாட்டு ஆசிரியரிடம் உச்சரிப்போடு கற்பது ‘சேய்சோகு’, முறையான வழி. உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் வரியை ஜப்பானிய மொழியில் பிரித்துப் பொருள் காண்பது ‘ஹென்சோகு’, முறை தவறிய வழி. பெயர்தான் அப்படி, பரவியது இரண்டாவது. அதை இகழ்வது எளிது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் மேலைச் சிந்தனையாளர்களான மில்லையும் கிஸோவையும் படித்தது அந்த வழியில்தான். திமிங்கிலக் கப்பல்காரரின் கதையிலிருந்து அரசியலமைப்புச் சட்டத்துக்குப் போக வேறு பாலம் அன்று இல்லை.

சேய்சோகு தடத்தில் என்ன நடந்தது என்பது இன்னும் சுவையானது. புதிய மெய்ஜி அரசு வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைத்து, ஜப்பானியப் பேராசிரியர்கள் கனவிலும் காணாத ஊதியம் கொடுத்தது. கைதியாகவும் சந்தேகத்துக்குரியவராகவும் தரையில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் மேடைக்கு ஏறினார். 1896இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்துக்கு வந்த லஃப்காடியோ ஹெர்ன் அவர்களில் மிகச் சிறந்த கதைசொல்லி. கிரேக்கத் தீவில் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, சின்சினாட்டி, நியூ ஆர்லியன்ஸ், மார்டினிக் எல்லாம் அலைந்தவர். அதற்குமுன் மட்சுவே நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது அவர் செய்தது நேர்மாறானது: தம் கதையைச் சொல்வதைவிட, மாணவர்களைத் தங்கள் ஊரையும் தெய்வங்களையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதவைத்துப் படித்தார். அந்தக் கட்டுரைகளைப் பற்றி 1894இல் அவர் எழுதியவற்றில், ஆசிரியரே மாணவராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். டோக்கியோவில் நிலைமை வேறு. முன்தயாரித்த உரை கையில் இல்லாமல், மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளத் தோதாக அவர் பேசுவார். ஆங்கிலக் கவிதையை ஐரோப்பியக் குடும்ப வழக்கங்களிலிருந்தும் நம்பிக்கைகளிலிருந்தும் கதைபோல விளக்குவார். மாணவர்கள் சொல் விடாமல் எழுதினார்கள். அந்தக் குறிப்புகளே அவர் இறந்தபின் பல தொகுதிகளாக அமெரிக்காவில் அச்சாயின. அழகான உரைகள். ஆனால் அவற்றில் மாணவரின் குரல் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் கைக்குக் கேள்வி கேட்க நேரமில்லை.

1903இல் ஹெர்னைப் பல்கலைக்கழகம் விலக்கியபோது மாணவர்கள் கொதித்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் நாவலாசிரியரான நட்சுமே சோசெகி. ஹெர்னின் ஊதியம் மாதம் 400 யென்னுக்குக் குறையவில்லை. சோசெகிக்கு ஆண்டுக்கு 800. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் லண்டனில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வகுப்புக்கு லண்டன் கதைகளைக் கொண்டுவந்திருந்தால் கைதட்டு வாங்கியிருப்பார். அவரோ ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’ நாவலை எடுத்து, மாணவர்களைப் படிக்கவைத்து, உச்சரிப்பைப் பிழைபிழையாகத் திருத்தினார். இன்னொரு வகுப்பில் இலக்கியத்தைக் கூறுபோட்டு ஆராய்ந்தார். தங்களைப் பள்ளிப் பிள்ளைகளாக நடத்துகிறார் என்று மாணவர்கள் முணுமுணுத்தார்கள். மனச்சோர்வோடு வாடகை அறைகளில் கழித்த லண்டன் நாட்களைச் சோசெகி பின்னர் உரைநடையில்தான் சொன்னார். அங்கே தமக்குத் தனிப்பாடம் சொன்ன அயர்லாந்துக்காரர் கிரெய்கைப் பற்றிய சொற்சித்திரம் 1909இல் வந்தது. ஒழுங்கான பாடம் எதுவும் நடத்தாமல், வாய்க்கு வந்த திசையில் பேசிக்கொண்டே போகும் மனிதரை அவ்வளவு பிரியத்தோடு எழுதியவர், தாம் அப்படி ஓர் ஆசிரியராக இருக்க மறுத்தார்.

மறுத்ததற்கு அவரிடம் அரசியல் காரணமும் இருந்தது என்று நினைக்கிறேன். 1911இல் ஆங்கிலக் கல்வியைப் பற்றி எழுதும்போது, தம் தலைமுறைக்குப் புவியியலும் கணிதமும் வரலாறும்கூட ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டதை அவர் நினைவுகூர்கிறார். அதனால்தான் தங்களுக்கு ஆங்கிலம் வந்தது, இப்போதுள்ள மாணவர்களுக்குக் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறார். கூடவே, அந்தக் கல்வி ஒருவகை அவமானம், பிரிட்டனின் கீழிருக்கும் இந்தியாவைப் போன்ற உணர்வைத் தருவது என்றும் சொல்கிறார். ஆங்கிலத் திறன் குறைந்தது நாடு தன் காலில் நிற்பதற்கான அடையாளம் என்பது அவர் கட்சி. மெக்காலே குறிப்பின் நிழலில் படித்த நமக்கு இது சுருக்கென்று தைக்கும். அந்நியர் சொல்ல, நாம் எழுதிக்கொள்ளும் வகுப்பறையின் இன்னொரு பெயர் என்ன என்பதை வெளியிலிருந்து பார்த்த ஒருவர் நம் நாட்டின் பெயராலேயே சொல்லிவிட்டார்.

சோசெகிக்குப் பின் தேர்வுகளின் காலம். நுழைவுத் தேர்வுக்காக வரிவரியாக மொழிபெயர்க்கும் படிப்பு வேரூன்றியது. 1922இல் ஆங்கிலேய மொழியியலாளர் ஹெரால்ட் பாமர் வந்து வாய்மொழிப் பயிற்சியைப் புகுத்தப் பல ஆண்டுகள் பாடுபட்டார். தேர்வுகளை அவரால் அசைக்க முடியவில்லை. போர்க்காலத்தில் ஆங்கிலம் பகைவனின் மொழியானது.

தோல்விக்குப் பின், 1945 அக்டோபரில், 32 பக்க உரையாடல் கையேடு ஒன்று வெளிவந்து 36 லட்சம் பிரதிகள் விற்றது. ஆக்கிரமிப்புப் படை தெருவில் நிற்கிறது. மான்ஜிரோ கையேட்டின் காலம் திரும்பிவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் அடுத்து வந்தது எதிர்பாராதது. 1946 பிப்ரவரி 1 அன்று மாலை ஆறு மணிக்கு, ஒரு பழைய ஜப்பானியக் குழந்தைப் பாட்டின் மெட்டில் ஆங்கில வரிகளோடு, ஹிராகவா தாதாய்ச்சி நடத்திய 15 நிமிட வானொலிப் பாடம் தொடங்கியது. ஒகயாமா மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, 1918இல் அமெரிக்காவுக்குப் போய், ரயில் பாதையில் உழைத்து, பதின்ம வயதின் கடைசியில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்று, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துப் பட்டம் பெற்றவர். பேரரசரின் சரணடைவு அறிவிப்பை வெளிநாடுகளுக்கு ஆங்கிலத்தில் வாசித்த குரலும் அவருடையதே.

அமெரிக்க வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒரு நூலகமே இருந்தது. கேட்கவும் நாடே காத்திருந்தது. அவர் தாமே எழுதிய சிறு உரையாடல்களில் பெரும்பாலும் வந்தது ஜப்பானிய வீடு: பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை, சமையலில் இருக்கும் தாய், அண்டை வீட்டார், அன்றைய தட்டுப்பாடு. குழந்தை தாயிடம் கற்பதைப் போலத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்பார். வெற்றிபெற்றவர்களின் நாட்டைக் கதையாகச் சொல்லியிருந்தால் கேட்பவர்களுக்கு வியக்க மட்டுமே இடமிருந்திருக்கும். தங்கள் வீட்டுப் பேச்சை அந்நிய மொழியில் கேட்டபோது, இதை இப்படிச் சொல்லலாமா, எங்கள் வீட்டில் வேறு மாதிரி அல்லவா என்று குறுக்கிட முடிந்தது. வானொலியிடம் குறுக்கிட முடியாதே என்றால், அதற்கும் நேயர்களே வழி செய்துகொண்டார்கள். நிகழ்ச்சிப் பாட்டின் தொடக்கச் சொற்களைப் பெயராகக் கொண்டு நாடெங்கும் ‘கம் கம்’ மன்றங்கள் முளைத்தன. வாரம் ஒருமுறை கூடி, அந்த வாரத்து உரையாடலை நடித்துப் பார்த்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவார்கள். நிகழ்ச்சி அரசு வானொலியிலிருந்து தனியார் நிலையங்களுக்கு மாறி 1955 வரை ஒலித்தது. அந்த மன்றங்களில் கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் கடல் தாண்டியதே இல்லை.